ஆடாத நாலு டெஸ்ட்: 2021-ல் அஸ்வினின் வழக்கு

2021-ஆம் ஆண்டின் சிறந்த டெஸ்ட் வீரர் ஜோ ரூட் என்று ஐ.சி.சி. அறிவித்தது 2022 ஜனவரி 24-ஆம் தேதி. பரிந்துரைப் பட்டியலில் நாலு பேர் இருந்தாங்க. ரூட், ரவிச்சந்திரன் அஸ்வின், நியூசிலாந்தின் கைல் ஜேமிசன், இலங்கையின் திமுத் கருணரத்ன. அறிவிப்பு வந்தப்போ பெரிசா யாரும் சண்டை போடல. ஒரே வருஷத்துல 1708 ரன் அடிச்சவருக்குக் கொடுக்காம வேற யாருக்குக் கொடுக்கிறதுன்னு எல்லாரும் விட்டுட்டாங்க. 2024 டிசம்பர்ல அஸ்வின் 537 விக்கெட்டோட ஓய்வு பெற்றப்போ எழுதப்பட்ட கட்டுரைகள்லயும் 2016-ல் அவர் வாங்கின விருதைப் பத்திப் பேசினாங்களே தவிர, 2021-ல் வாங்காத விருதைப் பத்தி யாரும் பேசல.

அந்த விருது அஸ்வினுக்குப் போயிருக்கணும் என்பது என் கட்சி. நம்ம ஊர்க்காரர் என்கிற பாசத்துல சொல்றதா தோணலாம். அதனால பாசத்தை ஒதுக்கி வச்சுட்டு ஸ்கோர்கார்டை மட்டும் எடுத்துக்கறேன். கீழே வர்ற கணக்கெல்லாம் எந்த ஸ்கோர்கார்டைத் திறந்தாலும் நீங்களே கூட்டிப் பார்த்துக்கலாம்.

முதல்ல ரெண்டு பேரோட வருஷமும். ரூட்: 15 டெஸ்ட், 1708 ரன், சராசரி 61, ஆறு சதம். ஒரு காலண்டர் வருஷத்துல இதைவிட அதிகமா அடிச்சவங்க அதுவரைக்கும் ரெண்டே பேர்தான்: 2006-ல் முகமது யூசுஃப் (1788), 1976-ல் விவியன் ரிச்சர்ட்ஸ் (1710). அஸ்வின்: 9 டெஸ்ட், 54 விக்கெட், சராசரி 16.64, கூடவே ஒரு சதத்தோட 355 ரன்.

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா கண்ணு நேரா 1708-க்குத்தான் போகும். அதுல ஒரு சரித்திரம் இருக்கு. 54-ல அப்படி எதுவும் இல்ல. ஷேன் வார்ன் 2005-ல் 96 எடுத்திருக்கார், முரளி 2006-ல் 11 டெஸ்ட்ல 90 எடுத்திருக்கார். சரி, அப்படின்னா அந்த ரெண்டு பேருக்கும் இந்த விருது கிடைச்சிருக்கணும் இல்லையா? கிடைக்கல. 2006-ல் விருது பாண்டிங்குக்குப் போச்சு, 2007-ல் யூசுஃபுக்கு. விருது கணக்கிடும் காலம் அப்போ ஆகஸ்டுக்கு ஆகஸ்டு என்பதால காலண்டர் வருஷத்தோட நேரா பொருந்தாது. இருந்தாலும் முரளிக்கு அவர் வாழ்க்கை முழுக்க ஒரு தடவைகூட இந்த விருது வரல என்பதுதான் நிஜம். 2004-ல் ஆரம்பிச்ச இந்த டெஸ்ட் விருதை அஸ்வின் ஆடிய காலம் முடியற வரைக்கும் பவுலர்னு சொல்லத்தக்கவங்க வாங்கினது ஸ்டெயின், ஜான்சன், அஸ்வின், கம்மின்ஸ், பும்ரா, அவ்வளவுதான். அஸ்வினை விட்டா எல்லாரும் வேகப்பந்து. டெஸ்ட் மேட்சை ஜெயிக்க 20 விக்கெட் எடுத்தே ஆகணும்னு எல்லா வர்ணனையாளரும் சொல்லுவாங்க. ஓட்டு போடுற நேரத்துல மட்டும் ஏனோ அது மறந்துபோகும்.

இதே வழக்கு அமெரிக்காவுல பேஸ்பால்ல ரொம்ப காலமா நடக்குது. அங்க பந்து எறியறவருக்கு பிட்சர்னு பேரு. ஒரு நல்ல ஸ்டார்ட்டிங் பிட்சர் அஞ்சு நாளைக்கு ஒரு மேட்ச்லதான் இறங்குவார், கை தாங்காது. பேட்டர் அனேகமா தினமும் ஆடுவார். அதனால எம்.வி.பி. என்கிற ஆண்டின் பெரிய விருதுக்கு ஓட்டு போடுறப்போ, "அஞ்சுல ஒரு நாள் ஆடுறவனை எப்படி மதிப்பு மிக்கவன்னு சொல்றது?"ன்னு ஒரு வாதம் வந்துடும். பிட்சர்களுக்குன்னே 1956-லிருந்து சை யங் விருதுன்னு தனியா ஒண்ணு இருக்கிறது அந்த வாதத்துக்கு இன்னும் வசதி: "அவங்களுக்குத்தான் தனியா இருக்கே!"

1999-ல் பாஸ்டன் அணியின் பெட்ரோ மார்டினெஸ் 23 வெற்றி, 4 தோல்வி, 313 ஸ்ட்ரைக் அவுட்டோட ஒரு வருஷம் எறிஞ்சார். அவரோட ஈ.ஆர்.ஏ. 2.07. நம்ம பவுலிங் சராசரி மாதிரி ஒரு அளவு அது, குறைய குறைய நல்லது. அடி பின்னி எடுத்த காலம் அது. அந்தக் காலத்துல 2.07 என்பது நம்ப முடியாத எண். முதல் இட ஓட்டு அவருக்குத்தான் அதிகம் விழுந்துச்சு: 8. ஜெயிச்ச ஐவன் ரோட்ரிகஸுக்கு 7. ஆனா ஒவ்வொருத்தரும் பத்துப் பேரை வரிசைப்படுத்தற அந்த ஓட்டுச்சீட்டுல ரெண்டு பத்திரிகைக்காரர்கள் பெட்ரோ பேரை எங்கேயுமே எழுதல. 252-க்கு 239 என்று 13 புள்ளியில தோத்தார். பிறகு 2011-ல் ஜஸ்டின் வெர்லாண்டர், 2014-ல் கிளேட்டன் கெர்ஷா எம்.வி.பி. வாங்கினாங்க. கெர்ஷா அந்த வருஷம் இறங்கினது வெறும் 27 மேட்ச். எத்தனை நாள் வந்தான் என்பதைவிட வந்த நாள்ல என்ன செஞ்சான் என்பது முக்கியம்னு அங்க மெல்ல மெல்ல ஒத்துக்க ஆரம்பிச்சுட்டாங்க.

நம்ம விஷயத்துக்கு வருவோம். அஸ்வினுக்கு எதிரா வைக்கக்கூடிய வாதம் மூணு. ஒண்ணு, எல்லாம் சொந்த ஊர் குழிப் பிட்ச்ல எடுத்த விக்கெட். ரெண்டு, வெளிநாட்டுல ஒண்ணும் பண்ணல. மூணு, 9 டெஸ்ட்தான் ஆடினார்.

முதல் வாதத்தை எடுத்துக்கலாம், அதுலதான் சரக்கு அதிகம். 54-ல 46 விக்கெட் இந்தியாவுல ஆடின ஆறு டெஸ்ட்ல வந்தது. உண்மை. அதுவும் அகமதாபாத்ல பகலிரவா நடந்த அந்த மூணாவது டெஸ்ட் ரெண்டே நாள்ல முடிஞ்சுபோச்சு. ரூட்டே தன்னோட பகுதிநேர சுழலை வச்சு 8 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்த பிட்ச் அது. "ரூட்டே அஞ்சு எடுக்கிற இடத்துல அஸ்வின் எடுத்தா என்ன?"ன்னு கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை எடுத்துக்கோங்க. அந்த ஊர்ப் பாலாலதான் அந்த ருசின்னு சொல்லுவாங்க, 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஆனா அதே பாலை அதே தெருவுல பத்துக் கடைக்காரர்கள் வாங்கிக் காய்ச்சறாங்க. பத்தும் ஒரே மாதிரியாவா இருக்கு? எங்க பக்கத்து ஆளுங்களைக் கேட்டா எந்தக் கடை, அதுலயும் எந்த நேரத்துக்குப் போகணும்கிறது வரைக்கும் சொல்லுவாங்க. பால் நல்லா இருந்துச்சா என்பது ஒரு கேள்வி. அதே பாலை வச்சு மத்தவன் என்ன கிண்டினான் என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி.

அதனால ஒரு எளிய கணக்கு போட்டேன். அஸ்வின் ஆடின ஒவ்வொரு டெஸ்ட்லயும் ரெண்டு அணியும் சேர்ந்து எடுத்த மொத்த ரன்னை, விழுந்த மொத்த விக்கெட்டால வகுத்தேன். அதுதான் அந்தப் பிட்ச்ல ஒரு விக்கெட்டோட விலை. அதைவிட அஸ்வின் எவ்வளவு மலிவா வாங்கினார்னு பார்த்தா போதும். உதிரி ரன்னும் இதுல சேருது, அஸ்வினோட சொந்த விக்கெட்டும் சேருது. கரடுமுரடான கணக்குதான். ஆனா பிட்ச்சோட உதவியைக் கழிச்சுப் பார்க்க இது போதும்.

சேப்பாக்கம் முதல் டெஸ்ட். இந்தியா தோத்தது. ரூட் 218 அடிச்ச மேட்ச். மொத்தம் 1285 ரன், 40 விக்கெட். ஒரு விக்கெட்டோட விலை 32. அஸ்வின் 9 விக்கெட்டை 207-க்கு எடுத்தார், அதாவது 23. இங்கிலாந்து 578 அடிச்ச முதல் இன்னிங்ஸ்ல அவர் மட்டும் 55 ஓவருக்கு மேல போட்டார். ரெண்டாவது இன்னிங்ஸோட முதல் பந்துலயே ரோரி பர்ன்ஸை எடுத்து, 61-க்கு 6. தோத்த மேட்ச் என்பதால இதை யாரும் ஞாபகம் வச்சுக்கல.

சேப்பாக்கம் ரெண்டாவது டெஸ்ட். விலை 22.8. அஸ்வின் 8 விக்கெட் 96-க்கு, அதாவது 12. அதே மண்ணுல இங்கிலாந்தின் மொயீன் அலி 8 விக்கெட் எடுக்க 226 ரன் கொடுத்தார். ஜாக் லீச் 6 விக்கெட்டுக்கு 178. அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து 14 விக்கெட்டை 28.9-க்கு வாங்கினாங்க. அதே பால், அதே அடுப்பு. பத்தாததுக்கு, ரெண்டாவது இன்னிங்ஸ்ல இந்தியா 106-க்கு 6 என்று நிக்கிறப்போ இறங்கி, கோலியோட 96 ரன் சேர்த்து, கடைசியா 106 அடிச்சது யாரு? அதே ஆள். அந்தப் பிட்ச்ல ஆடவே முடியாதுன்னு இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதிக்கிட்டிருந்த நேரம் அது. கடைசி ஆளா வந்த சிராஜ், அஸ்வின் நூறு தொட்டப்போ தானே அடிச்ச மாதிரி குதிச்சது இன்னும் கண்ணுல நிக்குது.

அகமதாபாத் பகலிரவு டெஸ்ட்ல விலையே 12.9தான். அஸ்வின் 10.6. இங்க அவர் பெரிசா எதையும் நிரூபிக்கல, ஒத்துக்கறேன். இந்த மேட்சைத் தூக்கிப் போட்டுடுங்க. மீதி எட்டு டெஸ்ட்ல 47 விக்கெட், சராசரி 17.55. வழக்குக்கு ஒரு சேதாரமும் இல்ல. நாலாவது டெஸ்ட்ல விலை 23.5, அஸ்வினுக்கு 11.75. நவம்பர்ல கான்பூர்: 28.9-க்கு எதிரா 19.5. மும்பை: 22.4-க்கு எதிரா 5.25. மும்பையில அஜாஸ் படேல் ஒரே இன்னிங்ஸ்ல பத்து விக்கெட்டையும் எடுத்தார், மேட்ச்ல 14. அந்தப் புகழ் அவருக்குச் சேர வேண்டியதுதான். அந்தப் பத்துக்கு நடுவுல, நியூசிலாந்து 62-க்குச் சுருண்டப்போ அஸ்வின் 8 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தது செய்தியாகவே இல்ல.

ஆறு உள்நாட்டு டெஸ்டையும் சேர்த்தா ஒரு விக்கெட்டோட விலை 24.2. குழிப் பிட்ச், குழிப் பிட்ச்னு சொன்னதுக்கு இது ஒண்ணும் அதலபாதாளம் இல்ல. அஸ்வின் அதை 13.7-க்கு வாங்கினார். ஒன்பது டெஸ்டையும் சேர்த்து, பிட்ச் விலைக்கே வாங்கியிருந்தா 54 விக்கெட்டுக்கு ஏறக்குறைய 1323 ரன் ஆகியிருக்கும். கொடுத்தது 899. மிச்சம் 424 ரன். இதோட கையால அடிச்ச 355-ஐயும் சேர்த்துக்கோங்க. இப்ப 1708 என்கிற எண் முன்ன மாதிரி எட்டாத உயரத்துல தெரியுதா?

இந்த இடத்துல ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு, அக்சர் படேல். இங்கிலாந்துத் தொடர்ல அக்சர் மூணே டெஸ்ட்ல 27 விக்கெட், சராசரி 10.59. அவர் ஆடின அதே மூணு டெஸ்ட்ல அஸ்வினுக்கு 23 விக்கெட், 11.48. அக்சர்தான் கொஞ்சம் மேல. புதுசா வந்த பையனே இப்படி எடுக்கிறான்னா பிட்ச்தானே காரணம்? என் பதில், அக்சர் அந்த மூணு டெஸ்ட்ல உண்மையிலேயே அற்புதமா போட்டார் என்பதுதான். அவரோட நேர்ப்பந்து இங்கிலாந்துக்காரங்களுக்குக் கடைசி வரைக்கும் புரியல. ஒரே மேடையில ரெண்டு பேர் நல்லா பாடினா மேடையைக் குறை சொல்ல முடியாது. அப்படி மேடைதான் காரணம்னா லீச்சும் மொயீனும் ஏன் பாடல? அதோட, அந்த 32 ரன் விலைப் பிட்ச்ல அக்சர் ஆடல. ஜடேஜாவும் காயத்துல வெளிய. அங்க தனியா நின்னு 9 விக்கெட் எடுத்தது அஸ்வின்தான்.

ரெண்டாவது வாதம், வெளிநாடு. இதுல என் கட்சிக்காரருக்கு அடி விழத்தான் செய்யும். சிட்னியில 169 ரன்னுக்கு 2 விக்கெட். ஸ்மித் 131-ம் 81-ம் அடிச்ச மேட்ச். செஞ்சூரியன்ல 55-க்கு 2. ரெண்டுலயும் பிட்ச் விலையைவிட அவர் விலை அதிகம். முன்னாடி சொன்ன 424-ல இந்த நஷ்டம், சுமார் 100 ரன், ஏற்கெனவே கழிச்சாச்சு.

ஆனா மூணாவதா ஒரு வெளிநாட்டு டெஸ்ட் இருக்கு. சவுத்தாம்ப்டன்ல ஜூன் மாசம் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. மேகமும் மழையுமா, ஜேமிசன் மாதிரி ஆளுங்க பந்தைப் பேச வைக்கிற இடம். அங்க ஒரு ஆஃப்-ஸ்பின்னர் 28-க்கு 2, 17-க்கு 2. மொத்தம் 45 ரன்னுக்கு 4 விக்கெட். ரெண்டாவது இன்னிங்ஸ்ல நியூசிலாந்து ரெண்டே விக்கெட்டை இழந்து ஜெயிச்சது. அந்த ரெண்டும் அஸ்வினுடையது. அப்ப இங்கிலாந்து மண்ணுல அவரால முடியாதுன்னு யாரும் சொல்ல வழியில்ல. இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

சிட்னியைப் பத்தி இன்னொண்ணு. பந்துவீச்சுல கோட்டை விட்ட அதே டெஸ்ட்ல, கடைசி நாள்ல ஹனுமா விஹாரியோட சேர்ந்து 40 ஓவருக்கு மேல நின்னு டிரா பண்ணினார். முதுகு பிடிச்சு, காலையில குனிஞ்சு ஷூ கயிறு கட்ட முடியல என்று அவர் மனைவி அன்னிக்கே எழுதினாங்க. விஹாரிக்கு தொடைத் தசை கிழிஞ்சு ஓட முடியாது. 128 பந்துல 39 நாட் அவுட். ரெண்டு பேரும் நடுவுல தமிழ்ல பேசிக்கிட்டது ஸ்டம்ப் மைக்ல உலகம் முழுக்கக் கேட்டுச்சு. விருதுக்கான எண்கள்ல இந்த 39 வெறும் 39தான். ஆனா சிட்னி கை நழுவியிருந்தா, பிரிஸ்பேன்ல ஜெயிச்சும் தொடர் கையில வந்திருக்காது.

இப்ப மூணாவது வாதம், என்னைப் பொறுத்தவரை வழக்கோட உயிர். 2021-ல் இந்தியா ஆடினது 14 டெஸ்ட். அஸ்வின் ஆடினது 9. பிரிஸ்பேன் காயத்தால போச்சு. மீதி நாலும் ஆகஸ்ட், செப்டம்பர்ல இங்கிலாந்துல. உடம்பு சரியா இருந்தும் நாலுலயும் அவரை எடுக்கல. நாட்டிங்காம், லார்ட்ஸ், லீட்ஸ், ஓவல். ஒரே ஒரு சுழல் பவுலர் போதும், அது பேட்டிங்கும் தெரிஞ்ச ஜடேஜா போதும் என்பது முடிவு. ஜடேஜா அந்த நாலு டெஸ்ட்ல 6 விக்கெட் எடுத்தார்.

எங்க ராஜபாளையம் பக்கம் ஸ்பின்னிங் மில் வேலைக்காரங்களுக்கு ஒரு வித்தியாசம் நல்லாத் தெரியும்: ஆப்சென்ட் வேற, லே-ஆஃப் வேற. நீயா வராம இருந்தா ஆப்சென்ட். கேட்ல வந்து நின்னவனை "இன்னிக்கு வேலை இல்ல"ன்னு திருப்பி அனுப்பினா லே-ஆஃப். லே-ஆஃப் கொடுத்த நாளுக்கு ஆப்சென்ட் போட்டு போனஸ்ல பிடிச்சா எந்தத் தொழிலாளி சும்மா இருப்பான்? ரூட்டுக்கு 15, அஸ்வினுக்கு 9 என்று எழுதி, பார்த்தியா இவர் எவ்வளவு உழைச்சார்னு சொல்றது அந்த மாதிரி ஆப்சென்ட் போடுறதுதான்.

அவர் கேட்ல நின்னார் என்பதுக்கு சாட்சியும் இருக்கு. ஜூலை மாசம், இந்திய அணி ஓய்வுல இருந்தப்போ, சர்ரே கவுண்டி அணிக்காக ஒரு மேட்ச் ஆடினார். சாமர்செட்டுக்கு எதிரா, ரெண்டாவது இன்னிங்ஸ்ல 27 ரன்னுக்கு 6 விக்கெட். சாமர்செட் 69-க்கு ஆல் அவுட். அந்த மேட்ச் நடந்த மைதானம் ஓவல். ரெண்டு மாசம்கூட ஆகல, அதே ஓவல்ல நடந்த டெஸ்ட்டுக்கு அவர் பெயர் இல்ல. டாஸ்ல கேட்டதுக்கு, இங்கிலாந்து அணியில இடதுகைக்காரங்க இருக்காங்க, ஜடேஜாவுக்கு அது நல்ல பொருத்தம் என்கிற மாதிரி கோலி பதில் சொன்னார். டெஸ்ட்ல 200 இடதுகை ஆட்டக்காரர்களை அவுட்டாக்கின முதல் பவுலர் யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதே வருஷம் பிப்ரவரியில சேப்பாக்கத்துல அந்த 200-வது விக்கெட்டை எடுத்தவர் அஸ்வின்.

அந்தத் தொடர்ல இந்தியா லார்ட்ஸ்லயும் ஓவல்லயும் ஜெயிச்சது. அதனால தேர்வு தப்புன்னு இங்க நான் வாதாட வரல. அணிக்கு அது சரியா இருந்திருக்கலாம். ஆனா ஒரு தனி ஆளோட வருஷத்தை எடை போடுறப்போ, கேப்டன் எடுத்த முடிவை அந்த ஆளோட குறையா எழுதக்கூடாது.

இதோட முடியல. அந்த நாலு டெஸ்ட்ல எதிர்ப்பக்கம் நின்னது யாரு? ரூட். அடிச்சது எவ்வளவு? 64, 109, 180 நாட் அவுட், 33, 121, 21, 36. மொத்தம் 564 ரன், சராசரி 94. வருஷத்து 1708-ல மூணுல ஒரு பங்கு, ஆறு சதத்துல மூணு, அஸ்வின் டிரஸ்ஸிங் ரூம்ல உட்கார்ந்திருந்தப்போ வந்தது. அந்தத் தொடரைக் கழிச்சா ரூட்டோட வருஷம் 11 டெஸ்ட், 1144 ரன், சராசரி 52. ரொம்ப நல்ல வருஷம்தான். ஆனா சரித்திரத்துல எழுதற வருஷம் இல்ல.

அஸ்வின் எதிர்ல இருந்தப்போ? சேப்பாக்கத்துல முதல் இன்னிங்ஸ்ல 218. அது தலைவணங்க வேண்டிய இன்னிங்ஸ், ஸ்வீப் ஷாட்டுக்கே ஒரு பாடம். அதுக்கப்புறம் 40. அப்புறம் மூணு டெஸ்ட்ல 6, 33, 17, 19, 5, 30. ஆறு இன்னிங்ஸ்ல 110 ரன், சராசரி 18. எல்லாத்தையும் அஸ்வின் எடுக்கல. அவர் ரெண்டு தடவைதான் எடுத்தார், மீதியில பெரும்பங்கு அக்சருடையது. இருந்தாலும் ஒரே முடிவு, அஸ்வினைப் பெஞ்சுல வச்ச அந்த முடிவு, ஒருத்தரோட கணக்கைக் குறைச்சு இன்னொருத்தரோட கணக்கை ஏத்தி விட்டிருக்கு. தராசுல ஒரு தட்டுல இருந்து எடுத்து மறு தட்டுல வச்ச மாதிரி. ஓட்டு போட்டவங்க இதைப் பார்த்த மாதிரியே தெரியல. அஸ்வின் ஆடியிருந்தா ரூட் அடிச்சிருக்க மாட்டார்னு நான் சத்தியம் பண்ணல. லீட்ஸ்ல அவர் அடிச்ச அடிக்கு யார் போட்டாலும் நிக்காது. ஆனா சவுத்தாம்ப்டன் 45-க்கு 4-ஐ வச்சுப் பார்த்தா, அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாதுன்னும் சொல்ல முடியாது.

ஒரு வாதத்தை மட்டும் வேணும்னே தொடாம விடறேன். அஸ்வின் ஆடின 9-ல இந்தியா 5 ஜெயிச்சது. ரூட் தலைமையில இங்கிலாந்து 15-ல 4 ஜெயிச்சு 9 தோத்தது. ரசிகர்கள் இதைத்தான் முதல்ல தூக்குவாங்க. வேண்டாம். பேஸ்பால்ல பிட்சர் பேர்ல வெற்றி தோல்வி எழுதற பழக்கத்தால எத்தனை பேருக்கு அநியாயம் நடந்துச்சுன்னு பார்த்தாச்சு. 2010-ல் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வெற்றி, 12 தோல்வியோட சை யங் வாங்கினப்போதான் அந்தக் கட்டு உடைஞ்சது. 2018-ல் ஜேக்கப் டிகிராம் 10-9 என்று இருந்தும் வாங்கினார், ஈ.ஆர்.ஏ. 1.70. கூட ஆடினவங்க கைவிட்டதுக்கு அவங்க பொறுப்பில்ல. அந்த வருஷம் இங்கிலாந்துல ரூட்டுக்கு அடுத்தபடியா அதிகம் அடிச்ச பர்ன்ஸ் எடுத்தது 530. 1708-க்கு அடுத்து 530! அந்தக் கூட்டத்தை வச்சுக்கிட்டு தோத்ததுக்கு ரூட்டைக் குறை சொன்னா அது அபாண்டம்.

ரூட்டோட வழக்குல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி கால்லேல அடிச்ச 228-ம் 186-ம். ஆசிய மண்ணுல, சுழலுக்கு எதிரா, வெளிநாட்டு ஆள். அஸ்வினோட கணக்குல அதுக்கு இணையான வெளிநாட்டுத் தொடர் ஒண்ணும் இல்ல. இதுக்கு என்கிட்ட முழுப் பதில் கிடையாது. பதினஞ்சு டெஸ்ட்டும் கேப்டனா, கோவிட் குமிழிக்குள்ள அடைஞ்சு கிடந்து ஆடினதுக்கும் ஒரு எடை உண்டு. இதெல்லாம் சேர்ந்து ஒருத்தர் ரூட்டுக்கு ஓட்டு போட்டா நான் அவரோட சண்டைக்குப் போக மாட்டேன். 15 பெரிசு, 9 சிறிசு என்று மட்டும் பார்த்துப் போட்டிருந்தாத்தான் சண்டை.

மத்த ரெண்டு பேரையும் சீக்கிரம் சொல்லிடலாம். கருணரத்ன 7 டெஸ்ட்ல 902 ரன், சராசரி 69, நாலு சதம். தொடக்க ஆட்டக்காரர், கேப்டன் வேற. ரூட்டைவிட சராசரி அதிகம். 7 டெஸ்ட்தான் என்பதால அவரை யாரும் சீரியஸா எடுத்துக்கல. இங்கயும் அதே வருகைப் பதிவேடுதான். ஜேமிசன் 5 டெஸ்ட்ல 27 விக்கெட், 17.51. சவுத்தாம்ப்டன்ல 31-க்கு 5 எடுத்து இறுதிப் போட்டியோட ஆட்ட நாயகன். அஞ்சு டெஸ்ட் எனக்கே கொஞ்சம் கம்மியா தெரியுது. பட்டியல்லயே இல்லாத ஷாஹீன் ஷா அஃப்ரிடி 9 டெஸ்ட்ல 47 விக்கெட், 17.06. அஸ்வின் ஆடின அதே 9. ஷாஹீனை டெஸ்ட் பட்டியல்ல சேர்க்காத அதே ஐ.சி.சி., மூணு வடிவத்துக்கும் சேர்த்து அந்த வருஷத்துக்கான சோபர்ஸ் கோப்பையை அவருக்கே கொடுத்துச்சு. பவுலருக்குக் கொடுக்கறதுல அவங்களுக்கு ஆட்சேபம் இல்லதான். டெஸ்ட்னு வந்தா மட்டும் பெரிய ரன் எண்ணிக்கை கண்ணைக் கட்டிடுது.

காலண்டர் விஷயம் ஒண்ணு பாக்கி. சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு இது பழகின தலைவலி: கணக்கு எந்தத் தேதியில ஆரம்பிச்சு எந்தத் தேதியில முடியுது என்பதைப் பொறுத்து விடை மாறும். (அஸ்வினும் எஸ்.எஸ்.என். கல்லூரியில ஐ.டி. படிச்ச இன்ஜினியர், அவருக்கும் புரியும்.) 2020-21 ஆஸ்திரேலியத் தொடர்ல அடிலெய்டுலயும் மெல்போர்ன்லயும் அவர் எடுத்தது 10 விக்கெட். ஸ்மித்தை ரெண்டு டெஸ்ட்லயும் ஒற்றை இலக்கத்துல அனுப்பினதும் அங்கதான். அந்த ரெண்டு டெஸ்டும் டிசம்பர்ல நடந்ததால 2021 கணக்குல வராது. அடுத்ததா சிட்னி, 2-க்கு 169, ஜனவரி 7-ல ஆரம்பிச்சதால வரும். பழைய மாதிரி பருவத்தை வச்சுக் கணக்கிட்டிருந்தா "வெளிநாட்டுல ஒண்ணும் பண்ணல" என்கிற வாதத்துக்கு இடமே இருந்திருக்காது. ரூட்டுக்கு அந்த இடைவெளியில இழக்க ஒண்ணும் இல்ல. 2020-ல் ஒரு சதம்கூட அடிக்காம 2021-ல் நுழைஞ்சார்.

என் ஓட்டுச்சீட்டு: அஸ்வின், ரூட், கருணரத்ன, ஷாஹீன், ஜேமிசன்.